ஏழாம் அத்தியாயம்

சௌராஸ்தா மார்க்கெட் மாடியில்
எட்டு வெள்ளிக்கு வாங்கினேன் இந்தத் தலையணையை.
நெட்வொர்க் பாதி, நிரல் எழுதப் பழகுவது பாதி,
அறுநூற்று நாற்பது பக்கம்.
"கணினிப் புத்தகம் மீன் மாதிரி, தங்கச்சி,
மறுநாளே நாறும்" என்றார் கடைக்காரர்.
அப்படியானால் நான்கு வெள்ளிக்குத் தாருங்கள் என்றேன்.
"கருவாட்டுக்குத் தனி விலை."

புத்தகத்துக்குள் ஓர் அலுவலகம் இருக்கிறது.
மூன்று கணினி, ஓர் அச்சுப்பொறி, ஒரு நீல மேகம்.
மேகத்துக்குள் என்ன என்று யாரும் கேட்பதில்லை.
கம்பிகள் எல்லாம் நேர்க்கோடு.
அங்கே எவரும் ஸ்விட்ச் மேல்
நாசி லெமாக் பொட்டலம் வைப்பதில்லை,
கடவுச்சொல்லை மஞ்சள் தாளில் எழுதித்
திரையில் ஒட்டுவதில்லை.
'எளிதாக' என்ற சொல் வரும் இடமெல்லாம்
எனக்கு ஒரு ராத்திரி போயிருக்கிறது.

முன்பு வைத்திருந்தவர் பெயர் முதல் பக்கத்தில்:
ம. இளஞ்சேரன், செபராங் ஜெயா, 2003.
பென்சில் கூராக இருந்திருக்க வேண்டும்,
கோபமும்.
பக்கம் 41: 'அரைப்புள்ளி விட்டுப்போச்சு. இரண்டு நாள் தேடினேன்.'
110: 'பொய்.'
111: 'பொய் இல்லை. என் தப்பு.'
பின்னட்டை உறையில் குறுந்தகடு இல்லை.
நாலு நம்பர் சீட்டு ஒன்று மடித்திருக்கிறது,
8080-க்குக் கட்டியது.
விழுந்ததா என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

எனக்கு வேலை பிறையில், இறால் குளிர்கிடங்கில்.
போன வியாழன் இரவு ஒன்றே முக்கால்.
வெப்பமானிகள் எல்லாம் திரையிலிருந்து மறைந்தன.
உள்ளே பதினெட்டு டன்.
மைனஸ் இருபதா மைனஸ் இரண்டா, சொல்ல ஆளில்லை.
மேலாளர் ஊய் தொலைபேசியில்
மூச்சு விடுவது மட்டும் கேட்டது.
காவலாளி ஹருன் குளிர்சட்டையை மாட்டி
உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக் கத்தினார்:
"மைனஸ் பத்தொன்பது!"
அந்நேரம் அந்தக் கட்டடத்தில்
ஓடிக்கொண்டிருந்த ஒரே நெறிமுறை அதுதான்.

ஏழாம் அத்தியாயத்தை விரித்தேன்.
முப்பத்தெட்டுப் பக்கம்.
மரம், வேர், கிளை,
எந்தக் கிளையும் திரும்பி வந்து வேரைத் தொடக் கூடாதாம்.
ஒரே வரியை நான்கு முறை படித்தேன்.
ஓரத்தில் பென்சில்:
'எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் சிமிட்டினால்
படிக்காதே.
குனிந்து மேசைக்கடியில் பார்.'

இருபத்துநான்கு விளக்கும்
காவடிக்கு உறுமி அடிப்பதுபோல் ஒன்றாய் அடித்தன.
குனிந்தேன்.
ஒரு சாம்பல் நிறக் கேபிள்,
இரு முனையும் ஒரே பெட்டியில்.
தான் சொன்னதைத் தானே கேட்டு
மறுபடி தனக்கே சொல்லி
வேறெவர் பேச்சும் நுழைய இடமில்லாமல்.
பிடுங்கினேன்.
விளக்குகள் ஒவ்வொன்றாய்த் தாளம் தப்பின.
அதைவிட நல்ல இசையை நான் கேட்டதில்லை.

காலையில் கணக்குப் பிரிவு சியூ லான் சொன்னார்:
"ஒரு முனை சும்மா தொங்கியது, பார்க்கவே அசிங்கம்.
காலி ஓட்டையில் செருகி வைத்தேன், சரிதானே?"
புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவைப் புரட்டினேன்.
சுத்தம் பண்ணுகிறவர்கள் பற்றி ஒன்றும் இல்லை.

இளஞ்சேரன் குறிப்பின் கீழே என் பேனாவில்:
'வேலை செய்தது. பிறை, 2.20.
இறால் பிழைத்தது, ஏற்கெனவே செத்த இறால்தான் என்றாலும்.
வி. செண்பகவல்லி.'

பிறகு 88-ஆம் பக்கம் போனேன்.
முப்பது முகவரி என்று புத்தகம் சொல்வதை
அடித்து முப்பத்திரண்டு ஆக்கியிருக்கிறார் மனிதர்.
முதலும் கடைசியும்
யாருக்கும் கொடுக்க முடியாதவை என்பது
அன்று அவருக்குத் தெரியவில்லை.
திருத்தவில்லை நான்.
அடுத்து வாங்குகிறவருக்கும்
கோபப்பட ஏதாவது வேண்டும்.